வேர்க்கொம்பு சிக்கிய கோப்பி மெசின்

உங்கள் அப்பா ஒரு பயந்தாங்கொள்ளி. இதை நீங்கள் வேறு யாராவது சொல்லி அறிவதைவிட நானே எழுதித் தந்துவிடுவது மரியாதை என்று நினைக்கிறேன். துர்க்கா, போன கிழமை நீ உன் சிநேகிதியிடம், "எங்கட அப்பா பாம்பையே கையால பிடிச்சு எறிஞ்சவர்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. மகள், அது பாம்பு இல்லை. பழைய சைக்கிள் டியூப். உங்கள் அம்மா பின்னால் நின்று தள்ளியிராவிட்டால் அதன் கிட்டவும் போயிருக்க மாட்டேன்.

பயத்தில் பல சாதி உண்டு. நாய்க்குப் பயப்படும்போது அது காலில் இருக்கும். ஊசிக்குப் பயப்படும்போது கையில் இருக்கும். ஆனால் மாமனார் வீட்டில் புது மருமகனுக்கு வரும் பயம் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பொம்பிளை வீட்டுக்கு இருக்கப் போவது எங்கள் மட்டக்களப்புப் பக்கத்து வழக்கம். அப்படித்தான் நானும் கல்லடியில் இருந்த உங்கள் அம்மாவின் வீட்டுக்குப் போனேன். போன புதிதில் முறுக்கைக்கூட வாயில் ஊறவைத்துத்தான் தின்றேன். கடித்தால் மாமாவுக்குச் சத்தம் கேட்கும் என்று பயம்.

மாமா, அதாவது உங்கள் அம்மாவின் அப்பா, தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். மூக்குக்கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை பார்ப்பார். விலாசம் பிழையாக எழுதின கடிதத்தைப் பார்க்கிற பார்வை. நானோ சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டு, பேக்கரியில் எடுக்கிற பாணைப் பாட்டுப் போட்டு ஓட்டோவில் தெருத் தெருவாக விற்கிறவன். அந்த வீட்டுக்கு நான் முதன்முதலாக வாங்கிக்கொண்டு போன மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். அன்றிலிருந்து எனக்கு மீன் சந்தைப் பக்கம் போனாலே காய்ச்சல்.

அந்த வருசம் உங்கள் சின்னம்மாவுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். பேசினார்கள் என்று சொல்கிறேன், ஆனால் உங்கள் சின்னம்மாவும் களுவாஞ்சிக்குடியிலிருந்து வந்து கூடப் படித்த உங்கள் சித்தப்பாவும் தங்களுக்குள் அதை எப்போதோ பேசி முடித்திருந்தார்கள். சித்தப்பாவின் அம்மாவுக்கும் சம்மதம். மிச்சம் இருந்தது அவருடைய அப்பா ஒருவர்தான். அவர் ஓய்வு பெற்ற ஜெயிலர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, வீட்டையும் ஆட்களையும் பார்த்து, அதற்குப் பிறகு சொல்வதாகச் சொல்லியிருந்தார்.

இந்த ஜெயிலரைப் பற்றித் தரகர் ஒரு கதை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

"மனிசன் கோப்பிக்குப் பொல்லாதவர். மூத்த மகனுக்குப் பேசிப்போன ஒரு வீட்டில பைக்கற்றுக் கோப்பியக் குடுத்திற்றாங்க. ஒரு மிடறு குடிச்சார். கோப்பைய வெச்சார். எழும்பிப் போயிற்றார். சரிவரல்ல."

அந்த வீட்டுச் சம்பந்தம் கோப்பியால்தான் குழம்பியதா, வேறு ஏதும் காரணமா என்று யாரும் தரகரைக் கேட்கவில்லை. மாமி அன்றிலிருந்து கோப்பியைப் பற்றியே பேசினார். சின்னம்மா சாப்பாட்டைக் குறைத்துவிட்டாள். "அக்கா, இது சரிவராட்டி நான் வேற ஒருத்தரையும் கட்டமாட்டன்" என்று உங்கள் அம்மாவின் மடியில் படுத்து அழுததை நான் யன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன். அவள் அழுகிறவள் இல்லை.

மாமி கோப்பிக் கொட்டையை வீட்டிலேயே வறுத்து, மில்லில் கொடுத்து அரைப்பிப்பது வழக்கம். அந்த முறை மில்காரர் எங்களுக்கு முன்னால் யாருக்கோ செத்தல் மிளகாய் அரைத்திருக்கிறார். கோப்பியை வாயில் வைத்த மாமா எழுந்து போய்க் கிணற்றடியில் வாய் கொப்பளித்தார். திரும்பி வந்து என்னைப் பார்த்தார்.

"மருமகன்."

கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னைத் தானாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் கதிரையை விட்டு எழுந்த வேகத்தில் கதிரை விழுந்தது.

"கையால சுத்தி அரைக்கிற கோப்பி மெசின் காத்தான்குடியில விக்கிறாங்களாம். வீட்டுக்கு ஒண்டு வேணும். நீங்களே பார்த்து நல்லதா ஒண்டு எடுத்திற்று வாங்க."

நீங்களே பார்த்து. அந்த இரண்டு சொல்லும் இரவு முழுக்க என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தன. மீனுக்காவது செவுள் இருக்கிறது. மெசினில் எதைத் தூக்கிப் பார்ப்பது?

அடுத்த நாள் காத்தான்குடியில் கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் ஒரு பாத்திரக் கடையில் கண்டுபிடித்தேன். கடைக்காரக் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம்) நல்ல மனிதர். மூன்று மெசினை மேசையில் வைத்தார்.

முதலாவது மரப்பெட்டி. மேலே கைபிடி, கீழே தூள் விழுகிற குட்டி லாச்சி. "இது வடிவு தம்பி. அலுமாரிக்குள்ள வெச்சுப் பார்க்கலாம். நாளாந்தம் அரைக்கிறதுக்குச் சொல்லமாட்டன்" என்றார்.

இரண்டாவது கறுத்த வார்ப்பு இரும்பு. மேசை விளிம்பில் திருகாணியால் பூட்டுவது. மேலே புனல் மாதிரி வாய், பக்கத்தில் பெரிய கைபிடி. பார்த்தால் ஏதோ கராஜில் கழற்றிப் போட்ட சாமான் மாதிரி இருந்தது. "பார்க்க லெச்சணம் இல்ல. ஆனா எதப் போட்டாலும் அரைக்கும்" என்றார்.

மூன்றாவதுதான் என் தலைவிதி. ரோச் லைற் அளவில் பளபளவென்று ஒரு உருக்குக் குழாய். மேலே மெல்லிய கைபிடி. உள்ளே வெள்ளைப் பீங்கான் பல். அடியில் ஒரு வளையத்தைத் திருப்பினால் டிக், டிக் என்று சத்தம். ஒரு பக்கம் திருப்பினால் தூள் மெல்லிசு, மற்றப் பக்கம் திருப்பினால் பருக்கன். ஒரு தரம் ஒரு பிடி கொட்டைதான் பிடிக்கும்.

காக்கா என்னிடம் கேட்க வேண்டியதைச் சரியாகவே கேட்டார். "வீட்டில வெறும் கோப்பிக் கொட்டையா அரைக்கிற, இல்லாட்டி மல்லி, வேர்க்கொம்பு எல்லாம் சேர்த்தா?"

எங்கள் வீட்டுக் கோப்பி என்றால் அதற்குள் கொத்தமல்லி, மிளகு, காய்ந்த இஞ்சியான வேர்க்கொம்பு எல்லாம் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் எனக்குப் பின்னால் கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்த ஒரு தம்பதி அத்தர் வாசத்தோடு நின்று, எந்தக் கோப்பிக்கு எந்தப் பருக்கன் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் மல்லி, வேர்க்கொம்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தடிமனுக்குக் கசாயம் காய்ச்ச வந்தவன் என்று நினைப்பார்களோ என்ற பயம்.

"வெறும் கோப்பிதான் காக்கா" என்றேன். அது போதாதென்று, "நாங்க ஒண்டும் கலக்கிறல்ல" என்றும் சொன்னேன்.

"அப்பிடியெண்டா இது நல்லம்" என்று குழாயை என் கையில் தந்தார். "கொட்டை மட்டும்தான், தம்பி. பீங்கான் பல்லு, கவனம்."

வீட்டில் அன்று வறுத்த வெறும் கொட்டை கொஞ்சம் கிடந்தது. அதைப் போட்டுச் சுற்றினேன். கர கரவென்று மெதுவாக அரைந்து, பவுடர் மாதிரித் தூள் விழுந்தது. வீடு முழுக்க வாசம். மாமா குடித்தார். கண்ணாடிக்கு மேலால் பார்க்காமல் கண்ணாடிக்கு உள்ளாலேயே என்னைப் பார்த்து, "தூள் நல்லாத்தான் இரிக்கு" என்றார்.

அந்த ஒரு வசனத்தில் நான் வானத்தில் மிதந்தேன். மிதந்தவன் வாயை மூடிக்கொண்டு மிதந்திருக்கலாம். "எதப் போட்டாலும் அரைக்கும் மாமா" என்றேன். அது பக்கத்திலிருந்த இரும்பு மெசினைப் பற்றிக் காக்கா சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பத்து மணிக்கு அவர்கள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். காலையில் மாமி குளித்து, சட்டியை வைத்துக் கோப்பிக் கொட்டை, மல்லி, மிளகு, பெருவிரல் தடிப்பில் வேர்க்கொம்புத் துண்டுகள் எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து ஒன்றாகக் கொட்டி, சுளகோடு என் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

"மருமகன், கெதியா அரைச்சுத் தாங்க. நான் பலகாரத்தப் பாக்கிறன்."

இப்போது உண்மையைச் சொல்லலாம். சொன்னால் மாமா பார்ப்பார். நான் ஒரு பிடியை அள்ளி மெசினில் போட்டேன். முதல் சுற்று சரி. இரண்டாவது சுற்று கொஞ்சம் இறுக்கம். பிறகு கடக் என்று ஒரு சத்தம். கைபிடி அப்படியே நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. குழாயை முழங்காலுக்கு நடுவில் வைத்துத் திருகினேன். அடி வளையத்தைத் திருப்பினேன். துணியால் பிடித்துப் பார்த்தேன். வேர்வை என் நாடியிலிருந்து மெசினில் சொட்டியதுதான் மிச்சம்.

உங்கள் அம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்ன, முடிஞ்சா?"

"முடியப் போகுது புள்ள."

"முகம் ஏன் இப்பிடி வெளிறிக் கிடக்கு?"

"கோப்பி வாசம்" என்றேன். (கோப்பி வாசத்துக்கு யாருடைய முகமாவது வெளிறுமா? அவளும் அவசரத்தில் கேட்கவில்லை.)

எனக்குத் தெரிந்த ஒரே வழி காத்தான்குடிக் காக்கா. அவருடைய வீடு கடைக்கு மேலேயே இருந்தது. பாண் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, மெசினை மடியில் வைத்துக்கொண்டு பாண் ஓட்டோவில் பறந்தேன்.

அந்த நாட்களில் வீதியில் சோதனை கொஞ்சம் அதிகம். நாவற்குடாவைத் தாண்டியதும் பொலிஸ் கைகாட்டியது. வழக்கமாக நிற்கிறவர்களுக்கு என்னைத் தெரியும், பணிஸ்கூட வாங்குவார்கள். அன்று நின்ற இருவரும் புது ஆட்கள். ஒருவர் சார்ஜன்ட், மற்றவர் மீசை அரும்பின பொலிஸ்காரப் பொடியன். ஓட்டோவை நிறுத்துகிற பதற்றத்தில் என் கை வேறு சுவிட்சில் பட்டு, கூரையிலிருந்த ஸ்பீக்கரில் பாண் பாட்டுத் தொடங்கிவிட்டது.

சார்ஜன்ட் உள்ளே பார்த்தார். பாண் பெட்டியில் ஒரு துண்டுப் பாணும் இல்லை. என் மடியில் உருக்குக் குழாய்.

"இது என்னா?"

"கோப்பி, சேர்."

அவர் அதை வாங்கி ஆட்டினார். உள்ளே எதுவோ கலகலத்தது. குழாயின் அடி இடுக்கு வழியாக கொஞ்சம் கறுப்புத் தூள் அவருடைய உள்ளங்கையில் கொட்டியது.

பிள்ளைகள், நான் அந்த இடத்தில் என்னைக் கொஞ்சம் வெளியில் நின்று பார்த்தேன். பாண் இல்லாத பாண் ஓட்டோ. வேர்த்து விறுவிறுத்த ஒருவன். இரண்டு பக்கமும் மூடின உருக்குக் குழாய். அதற்குள்ளிருந்து கறுப்புத் தூள். நானாக இருந்தாலும் என்னைப் பிடித்திருப்பேன்.

"திற" என்றார் சார்ஜன்ட்.

"திறக்க ஏலாது, சேர்."

அதைச் சொல்லும்போதே அது எவ்வளவு பிழையான வசனம் என்று எனக்கு விளங்கியது. பொடியன் இரண்டு அடி பின்னால் போனான். சார்ஜன்ட் மெசினை மெதுவாக, மிகவும் மெதுவாக, வீதியோரக் கல்லின் மேல் வைத்தார். கையை உயர்த்தச் சொன்னார். உயர்த்தினேன். என் சிங்களம் பாண் விற்கிற சிங்களம். சீனிப் பணிஸ், மாலுப் பாண், மிச்சக் காசு, இவ்வளவுதான். வேர்க்கொம்பு சிக்கிவிட்டது என்பதை அந்தச் சொற்களை வைத்து எப்படிச் சொல்வது? மேலே பாண் பாட்டு விடாமல் பாடிக்கொண்டிருந்தது.

பாட்டைக் கேட்டு ஒழுங்கைக்குள்ளிருந்து ஒரு பெண் கூடையோடு வந்தாள். கையை உயர்த்திக்கொண்டு நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"தம்பி, மாலுப் பாண் இரிக்கா?"

"இல்ல அக்கா."

"அப்ப என்னத்துக்குப் பாட்டப் போட்டுக்கிட்டு நிக்கிறீங்க?" என்று ஏசிவிட்டுப் போனாள்.

அப்போது எதிர்ப்பக்கம் சோதனைக்கு நிறுத்தியிருந்த வெள்ளை வேனிலிருந்து ஒரு பெரியவர் இறங்கி வந்தார். வெள்ளைச் சேர்ட், உயர்ந்த ஆள், மரப்பலகை மாதிரி நெஞ்சு. சார்ஜன்டிடம் சிங்களத்தில் இரண்டு வசனம் பேசினார். சார்ஜன்ட் சட்டென்று நிமிர்ந்து நின்றார். (அதைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.) பெரியவர் மெசினைக் கையில் எடுத்தார், முகர்ந்தார், ஒரு முறுக்கு முறுக்கினார். டொக் என்று திறந்தது. ஒரு ஸ்பிறிங் பாய்ந்து வீதியில் விழுந்தது. பீங்கான் பல்லுக்கு நடுவில் சிக்கியிருந்த வேர்க்கொம்புத் துண்டை அவர் நகத்தால் கிண்டி எடுத்துச் சார்ஜன்டின் மூக்குக்குக் கிட்டப் பிடித்தார். சார்ஜன்ட் சிரித்துவிட்டார். பொடியன் ஓடிப்போய் ஸ்பிறிங்கைத் தேடி எடுத்து, தன் காற்சட்டையில் துடைத்து என்னிடம் தந்தான்.

நான் கையைக் கீழே இறக்கினேன். கூடவே வாயும் திறந்துகொண்டது. பயம் தெளிகிற நேரத்தில் மனிதன் எல்லாவற்றையும் கொட்டிவிடுவான்.

"இத ஏன் தம்பி வீதியால கொண்டு திரியிறீங்க?" என்று பெரியவர் கேட்டார்.

"என்னத்தச் சொல்ல ஐயா. எங்கட மச்சாளப் பார்க்க இண்டைக்கு ஆக்கள் வாறாங்க. மாப்பிள்ளைட தகப்பன் ஒரு ஜெயிலராம். கோப்பி சரியில்லாட்டி எழும்பிப் போயிருவாராம்."

நீங்கள் இரண்டு பேரும் இந்த இடத்தில் சிரிக்கத் தொடங்கியிருப்பீர்கள். எனக்கு அப்போது விளங்கவில்லை.

"அப்பிடியா? வேற என்ன சொல்லுறாங்க அவரைப் பத்தி?"

"சிரிக்கவே மாட்டாராம். வீட்டிலயும் மணி அடிச்சாத்தான் சோறாம். பெத்த மகனே அவருக்கு முன்னால இருந்து கதைக்கிறல்லயாம்."

"நீங்க கண்டிருக்கீங்களா?"

"இன்னும் காணல்ல ஐயா. காணாமலே நடுங்குது. ஆனா அவரப் பத்தி எனக்குக் கவலையில்ல. அந்தப் புள்ள நேத்திலயிருந்து சாப்பிடல்ல. இது குழம்பினா என்னாலதான் குழம்பும். மெசின நான்தான் பார்த்து எடுத்த. கடைக்காரர் கேக்கக்குள்ள பெருமைக்குப் பொய் சொன்ன நானும்தான்."

அவர் நகத்தில் ஒட்டியிருந்த வேர்க்கொம்புத் தூளைத் தட்டினார். பிறகு, "எவடம் வீடு?" என்றார்.

"கல்லடி. போஸ்ட்மாஸ்டர் வீடு எண்டா ஆரும் காட்டுவாங்க."

"ம்ம்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார். வேன் கல்லடிப் பக்கமாகப் போனது. நல்ல மனிதர், பெயரைக்கூடக் கேட்கவில்லையே என்று நினைத்தேன்.

இனிக் காத்தான்குடிக்குப் போய் வேலையில்லை என்று ஓட்டோவைத் திருப்பினேன். வீட்டு வாசலில் அதே வெள்ளை வேன் நின்றது.

அப்போதுதான் அந்தப் பெரியவர் யார் என்று எனக்கு விளங்கியது. திரும்பி ஓடலாமா என்று யோசித்தேன். எங்கே ஓடுவது? என் பெட்டி அந்த வீட்டுக்குள் அல்லவா இருந்தது. பின்பக்கத்தால் குசினிக்குள் நுழைந்து, திறந்து கிடந்த மெசினை மாமியின் முன்னால் வைத்து உண்மையைச் சொன்னேன். மாமி என்னை ஏசவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

"இதுக்கா போனீங்க? பின்னுக்கு உரல் கிடக்குதே, மருமகன். சொன்னா ரெண்டு இடியில முடிச்சிரிப்பனே."

உரல். நான் தினமும் கால் கழுவி ஏறும் படிக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. எனக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை.

மாமி இடிக்கத் தொடங்கினார். விறாந்தையிலிருந்து மாமா, "மருமகன் வந்திட்டாரா? இஞ்ச வரச் சொல்லுங்க" என்றார். நான் போனேன். நடந்து போனேனா, சுவரைப் பிடித்துக்கொண்டு போனேனா என்று சரியாக ஞாபகம் இல்லை. நடுக் கதிரையில் அந்தப் பெரியவர். பக்கத்தில் அவருடைய மனைவி. ஓரத்தில் உங்கள் சித்தப்பா, பரீட்சைக்கு வந்தவர் மாதிரி.

"இவர் மூத்த மருமகன்" என்றார் மாமா.

"தெரியும். வழியில கண்டனான்" என்றார் ஜெயிலர்.

"ஆ, அப்பிடியா. என்ன கதைச்சீங்க?"

ஜெயிலர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். தரையில் சீமெந்து வெடிப்பு ஒன்று இருந்தது, அதற்குள் போக முடியுமா என்று பார்த்தேன்.

"கன விசயம் கதைச்சம்" என்றார்.

சின்னம்மா கோப்பித் தட்டோடு வந்தாள். தட்டிலிருந்த கோப்பைகள் ஒன்றோடொன்று மோதிக் கிலுகிலுத்தன. ஜெயிலர் ஒரு கோப்பையை எடுத்தார். எல்லாரும் அவருடைய தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். குடித்தார். அவசரத்தில் இடித்த தூள் அல்லவா, இரண்டு பருக்கை மீசையில் ஒட்டிக்கொண்டது. அதைச் சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. முழுவதும் குடித்து, கோப்பையை வைத்தார். "சொல்லி அனுப்பிறம்" என்றார். மீசையில் பருக்கையோடேயே வேனில் ஏறிப் போய்விட்டார்.

அன்றிரவு நான் உங்கள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மணி அடித்துச் சோறு என்ற இடம் வந்ததும் அவள் தலையில் கையை வைத்தாள்.

"அதையுமா சொன்னீங்க?"

"கேட்டார்."

"கேட்டா சொல்லுறதா? பொலிஸ் கேக்கக்குள்ள ஒண்டும் வராத வாய்."

விசயம் சின்னம்மாவின் காதுக்குப் போனது. அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சோற்றைப் போட்டுத் தட்டை என் பக்கம் தள்ளுவாள், முகத்தைப் பார்க்கமாட்டாள். மாமாவுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் அவர் பார்க்கிற ஒவ்வொரு பார்வையும் எனக்கு எல்லாம் தெரிந்த பார்வையாகவே பட்டது. தொலைபேசி அடிக்கிறபோதெல்லாம் நான் கிணற்றடிக்குப் போய் நின்றேன். வெளியில் போய்ப் பாண் விற்கும்போதும் என் பாட்டைக் கேட்டாலே எனக்குக் கையை உயர்த்த வேண்டும் போல இருந்தது. ஒரு பிள்ளையின் வாழ்க்கையை வேர்க்கொம்பில் சிக்கவைத்துவிட்டேனே என்ற நினைப்பு எந்தப் பக்கம் திரும்பினாலும் கூடவே வந்தது.

கடைசியில் ஒரு பின்னேரம் தொலைபேசி வந்தது. மாமா எடுத்தார். "ஓம்" என்றார். "ஓம், ஓம்" என்றார். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய தோள் குலுங்கியது. மாமா அழுகிறார் என்று நினைத்து நான் சுவரில் சாய்ந்துவிட்டேன். அவர் சிரித்தார் பிள்ளைகள். அந்த வீட்டில் அவர் சத்தம் போட்டுச் சிரித்ததை நான் அன்றுதான் கேட்டேன்.

வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அவங்களுக்குச் சம்மதமாம். ஆனா உங்களுக்கு ஒரு தண்டனை இரிக்காம்."

"என்ன தண்டனை மாமா?"

"கலியாண வீட்டுக் கோப்பி முழுக்க அந்தக் குழாய் மெசினாலதான் அரைக்க வேணுமாம். நீங்க மட்டும். கடூழியம் எண்டு சொன்னார்."

ஒரு தரத்துக்கு ஒரு பிடி கொட்டைதான் பிடிக்கும் என்று சொன்னேனே. கலியாணத்துக்கு ஊர் முழுக்க வந்திருந்தது. எல்லாரும் பட்டுடுத்தி விறாந்தையில் நிற்க, நான் சமையல் கொட்டகைக்குப் பின்னால் பனியனோடு இருந்து, பிடி பிடியாகப் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தேன். வேர்க்கொம்பையும் மல்லியையும் மாமி தனியாக உரலில் இடித்துத் தந்தார். தாலி கட்டுகிற மேளம் கேட்டது, நான் பார்க்கவில்லை. சித்தப்பாவின் அப்பா பட்டு வேட்டியோடு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இடைக்கிடை வந்து பார்த்தார்.

"நிக்கக் கூடாது. அரைங்க."

"கை வீங்கிற்று ஐயா."

"மணி அடிச்சாத்தான் சோறு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சின்னம்மா மணவறையிலிருந்து இறங்கி வந்ததும் முதல் வேலையாகக் கொட்டகைக்குப் பின்னால் வந்தாள். "அத்தான்" என்று கூப்பிட்டு, ஒரு தட்டில் சோறு கொண்டுவந்து தந்தாள். மாலையோடு என் பக்கத்தில் குந்தியிருந்து, மெசினை வாங்கி, நான் சாப்பிட்டு முடிக்கும் வரை அவள் சுற்றினாள்.

பிறகு நான் அந்த லெச்சணம் இல்லாத இரும்பு மெசினையும் வாங்கினேன். இப்போது எங்கள் குசினி மேசையில் பூட்டியிருப்பது அதுதான். எதைப் போட்டாலும் அரைக்கிறது. ஆனால் நீங்கள் அப்பப்பா என்று கூப்பிடுகிற அந்த ஜெயிலர் வருகிற அன்று அதைத் தொட எனக்கு அனுமதி இல்லை. செருப்பைக் கழற்றும்போதே, "கைதி எங்க?" என்று கேட்பார். நான் குழாயை எடுத்துக்கொண்டு வாசல்படியில் இருப்பேன். தண்டனை எப்போது முடியும் என்று கேட்டால், "உங்கட நடத்தையப் பார்த்துச் சொல்லுறன்" என்பார். போன தடவை துர்க்காவின் கையில் தன் பழைய விசிலைக் கொடுத்து, தான் வராத நாட்களில் என்னைப் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இந்தக் கடைசி வரியை நான் எழுதுகிற இப்போதும் அவள் குசினி வாசலில் நின்று விசில் ஊதுகிறாள். எழுந்து போகிறேன். பயமாக இருக்கிறது.